ஒரே வெயிலில் பயிரும் மின்சாரமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெயில். எந்த மாதத்து வெயில் எந்தப் பயிருக்கு ஏற்றது, எது கருக்கிவிடும் என்பதை உழவர்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் வெயிலுக்குப் புதியதொரு விலை ஏற்பட்டிருக்கின்றது. நிலத்தின்மேல் விழும் வெயிலை மின்சாரமாக்கி விற்கலாம் என்ற நிலை வந்துவிட்டமையால், கிராமங்களில் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டு வருவோர் பெருகி வருகின்றனர். 2016-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அமைக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கர் நிலத்தில் பரந்து கிடக்கின்றது. நாட்டிற்கு மின்சாரம் வேண்டும். புகையில்லாத மின்சாரம் மிகவும் வேண்டும். ஆனால் மின்தகடுகளை நெருக்கமாகப் பரப்பிய நிலத்தில் அதன்பின் ஏர் செல்வதில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே, மின்சாரத்திற்கு விட்ட நிலம் பயிருக்கு ஆகாது போகத்தான் வேண்டுமா, அல்லது இரண்டும் ஒரே நிலத்தில் விளைய வழி உண்டா என்ற கேள்வி எழுகின்றது. வழி உண்டு என்று பல நாட்டு விஞ்ஞானிகள் செய்து காட்டியிருக்கின்றனர். அவ்வழி யாது, அதனால் வரும் இலாப நஷ்டங்கள் யாவை, அதனை ஏற்குமுன் ஊராட்சியும் உழவரும் கேட்டுப்பெற வேண்டிய உறுதி என்ன என்பவற்றை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

கருத்து தோன்றிய விதம்

இக்கருத்து புதியதன்று. ஜெர்மனி நாட்டின் பிரைபர்க் நகரில் 1981-ஆம் ஆண்டில் பிரான்ஹோபர் சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய அடால்ப் கோட்ஸ்பெர்கர் என்னும் விஞ்ஞானி, ஆர்மின் சாஸ்ட்ரோ என்பாருடன் சேர்ந்து அக்காலத்திலேயே இதனை எழுதினார். தகடுகளைத் தரையோடு பதிக்காமல் சுமார் 2 மீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தி, வரிசைகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டால், கீழுள்ள நிலத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு ஒளி ஏறக்குறையச் சமமாகப் பரவிக் கிடைக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அன்று தகடுகளின் விலை மிக அதிகம். ஆதலின் அக்கணக்கு நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்தது. ஜப்பானில் அக்கிரா நாகஷிமா என்னும் பொறியியலார் 2004-ஆம் ஆண்டளவில் அதே வழியை எடுத்துக்கொண்டு, ஒல்லியான தகடுகளை உயரத்தில் இடைவிட்டு அமைத்துக் கீழே பயிர் செய்து காட்டினார். தகடுகளின் விலை வீழ்ந்த பிறகு, உலகின் பல பகுதிகளில் இது வயலுக்கு வந்துள்ளது.

வெயிலைப் பகிர்வது எங்ஙனம்?

ஒரு கதிர் ஒளியைத் தகடு உறிஞ்சிவிட்டால் அது பயிருக்குக் கிடையாது. பயிருக்கு விட்டால் அதனால் மின்சாரம் கிடையாது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆயினும் பயிர் தன்மேல் விழும் வெயில் முழுவதையும் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஆண்டு முழுவதும் விழும் வெயிலின் சக்தியில் சுமார் நூற்றில் ஒரு பங்கையே சாதாரணப் பயிர்கள் தம் உடலில் சேமிக்கின்றன. இன்றைய சூரிய மின்தகடு நூற்றில் சுமார் 20 பங்கை மின்சாரமாக மாற்றுகின்றது.

பயிர் வெயில் முழுவதையும் கொள்ளாமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வெயிலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர். அது இலை உணவு தயாரிப்பதற்குப் பயன்படாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் சிவப்பையும் நீலத்தையும் இலை மிகுதியாக உறிஞ்சுகின்றது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. இலை பச்சையாகத் தோன்றுவது அதனாலேயே. இரண்டாவது, கீரை, பயறு, மிளகாய், தக்காளி போன்ற பயிர்களின் இலை நண்பகல் முழு வெயிலின் பாதி ஒளி வருமுன்பே தன் கொள்ளளவை எட்டிவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட வெயில் இலையைச் சூடாக்கி, நீரை ஆவியாக்குகின்றது. கரும்பு, சோளம், மக்காச்சோளம் போன்றவை இதற்கு விலக்கு. அவை எவ்வளவு வெயில் தந்தாலும் ஏற்பவை. மேலும், மேல் இலை நிறைவு பெற்றாலும் அதன் நிழலிலுள்ள கீழ் இலைக்கு ஒளி தேவைப்படலாம். ஆகையால் ஓர் இலையின் கணக்கை வயல் முழுமைக்கும் அப்படியே பொருத்திவிடலாகாது.

ஒளியைப் பகிர இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, ஒளி புகாத சாதாரணத் தகடுகளையே உயரத்தில் அகன்ற இடைவெளியுடன் நிறுத்துவது. சூரியன் நகர நகர நிழலும் நகர்ந்து செல்லும். ஒரே செடி நாள் முழுதும் நிழலில் கிடக்காது. மற்றொன்று, தகட்டையே ஒளி ஊடுருவும்படி செய்வது. இதிலும் இரு வகை உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மின்கலச் சில்லுகளை நெருக்கமாக வைக்காமல் இடைவிட்டுப் பதிப்பது ஒரு வகை. சில்லுகள் உள்ள இடம் மின்சாரம் தரும். இடைவெளி வழியே வெயில் கீழே இறங்கும். கீற்றுப் பந்தலின் கீழ் நிற்பது போன்ற புள்ளி நிழல் இதில் விழும். இரண்டாவது வகை, நிறமேற்றிய மெல்லிய படலத்தைக் கண்ணாடியிற் பூசுவது. இப்படலம் சில நிறங்களை உறிஞ்சி மின்சாரமாக்கி, பயிருக்கு மிகவும் வேண்டிய சிவப்பு முதலிய நிறங்களைக் கீழே விடும்.

கீழே எவ்வளவு ஒளியை விடுகின்றோமோ அவ்வளவுக்கு மின்சாரம் குறையும் என்பதை மறத்தலாகாது. நமது மாநிலத்து வெயிலில் 1 கிலோவாட் திறனுள்ள தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். ஆனால் சில்லுகளைப் பாதியாகக் குறைத்த தகட்டில் அதே 1 கிலோவாட்டைப் பெற இரு மடங்கு பரப்பு வேண்டும்; கண்ணாடிச் செலவும் சட்டச் செலவும் அதற்கேற்ப உயரும்.

பிற நாட்டு வயல்களில் கண்டவை

ஜெர்மனியின் தென்பகுதியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகிலுள்ள ஹெகல்பாக் என்னும் இடத்துப் பண்ணையில், 2016-ஆம் ஆண்டில் சுமார் மூன்றில் ஒரு எக்டேர் நிலத்தின்மேல் 194 கிலோவாட் திறனுள்ள தகடுகள் நிறுத்தப்பட்டன. அறுவடை இயந்திரம் கீழே ஓடத்தக்கவாறு 5 மீட்டர் உயரம் விடப்பட்டது. கோதுமை, உருளைக்கிழங்கு, செலரிக் கிழங்கு, தீவனப் புல் ஆகிய நான்கும் தகட்டின் கீழும் அருகே திறந்த வெளியிலும் ஒருங்கே பயிரிடப்பட்டு ஒப்பிடப்பட்டன. தகட்டின் கீழ் ஒளி சுமார் 30 சதவீதம் குறைவு. 2017-ஆம் ஆண்டில் தீவனப் புல்லில் சுமார் 5 சதவீதமும், ஏனைய மூன்றில் 18 முதல் 19 சதவீதமும் விளைச்சல் குறைந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு பயிரும், தகடு மட்டுமே வைத்திருந்தால் வரக்கூடிய மின்சாரத்தில் 80 பங்கும் ஒரே நிலத்தில் கிடைத்தன. இரண்டையும் கூட்டி, நிலம் 160 சதவீதம் பயன்பட்டதாக ஆராய்ச்சியாளர் கணித்தனர்.

மறு ஆண்டாகிய 2018 ஐரோப்பாவில் கடும் வெப்பமும் வறட்சியுமான ஆண்டு. அவ்வாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. தகட்டின் கீழ் உருளைக்கிழங்கு 11 சதவீதமும், செலரி 12 சதவீதமும், கோதுமை 3 சதவீதமும் திறந்த வெளியைவிட அதிகம் விளைந்தன. தீவனப் புல் மட்டும் 8 சதவீதம் குறைந்தது. மண்ணில் ஈரம் தங்கியதும் சூடு தணிந்ததுமே இதற்குக் காரணம். மழை தவறாத ஆண்டில் நிழல் நஷ்டம் தருகின்றது. வறட்சி ஆண்டில் அதே நிழல் பயிரைக் காக்கின்றது. இதனை நமது மானாவாரி உழவர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். தூண்கள் நிற்கும் வரிசையில் உழ முடியாமையால் சுமார் 8 சதவீத நிலம் வீணாயிற்று என்பதையும் அவ்வாராய்ச்சியாளர் மறைக்காமல் கூறியுள்ளனர்.

ஒளி ஊடுருவும் தகடுகளுக்கு நெதர்லாந்து நாட்டின் பாபெரிக் என்னும் ஊர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ராஸ்பெர்ரி என்னும் சிறுகனியைப் பிளாஸ்டிக் கூடாரங்களின் கீழ் வளர்ப்பது வழக்கம். நேர் வெயிலும் ஆலங்கட்டி மழையும் அக்கனிக்கு ஆகா. 2020-ஆம் ஆண்டில் சுமார் 3 எக்டேர் தோட்டத்தில் கூடாரங்களை எடுத்துவிட்டு, சில்லுகளை இடைவிட்டுப் பதித்த கண்ணாடித் தகடுகளைக் கூரையாக அமைத்தனர். திறன் சுமார் 2.7 மெகாவாட். பயிருக்கு ஏற்கெனவே ஒரு மறைப்புத் தேவையாக இருந்தது. அம்மறைப்பே மின்சாரமும் தருகின்றது. ஜெர்மனியில் கெல்ஸ்டார்ப் என்னும் ஊரின் ஆப்பிள் தோட்டத்திலும் 2021-ஆம் ஆண்டு முதல் இவ்வகைத் தகடுகள் ஆராயப்பட்டு வருகின்றன.

நிறமேற்றிய தகடுகளைப் பற்றிய ஒரு சோதனையின் முடிவு 2020-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இங்கிலாந்தின் கிரீனிச், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் இத்தாலியரும் இதில் ஈடுபட்டனர். ஆரஞ்சு நிறத் தகடுகளின் கீழ் திருநீற்றுப் பச்சிலையையும் பசலைக் கீரையையும் வளர்த்தனர். தகடு நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிச் சிவப்பைக் கீழே விட்டது. பச்சிலையின் விளைச்சல் 15 சதவீதமும், பசலையின் விளைச்சல் 26 சதவீதமும் குறைந்தன. ஆனால் இலையில் புரதச் சத்து கூடியது. விளைச்சலையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பணமாகக் கணக்கிட்டபோது, பச்சிலையில் 2.5 சதவீதமும், பசலையில் 0.35 சதவீதமுமே வருவாய் மிகுந்தது. இச்சிறு எண்களை நாம் வேண்டுமென்றே எடுத்துக் கூறுகின்றோம். இரட்டை விளைச்சல் என்றால் இரட்டை வருமானம் என்று எவரேனும் சொன்னால், உழவர் இவ்வெண்களை நினைத்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் வெயில் கொளுத்தும் பாலைப் பகுதி. அங்கே சாதாரணத் தகடுகளின் நிழலில் செய்த சோதனையின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டில் வெளியாயின. அந்நாட்டுக் காட்டு மிளகாய் வகை ஒன்று மூன்று மடங்கு காய்த்தது. சிறுதக்காளி இரு மடங்கு காய்த்தது. ஹலபேனோ என்னும் மற்றொரு மிளகாய் ஏறக்குறைய அதே அளவு காய்த்தாலும் அதன் இலைவழியே வெளியேறிய நீர் 65 சதவீதம் குறைவு. செடிகள் விடும் ஈரத்தால் மேலுள்ள தகடுகளும் பகலில் சுமார் 9 டிகிரி குளிர்ந்திருந்தன. தகடு சூடேறினால் மின்சாரம் குறையும். ஆகவே கீழுள்ள பயிர் மேலுள்ள தகட்டுக்கும் உதவி செய்கின்றது. மிளகாய் விளையும் நமது தென் மாவட்டங்களுக்கு இது சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

நமது நாட்டில்

இராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தில் 105 கிலோவாட் அளவில் இம்முறை அமைக்கப்பட்டது. தகடு வரிசைகளின் இடையிலும் அடியிலும் பச்சைப்பயறு, நரிப்பயறு, கொத்தவரை, சீரகம், சோற்றுக்கற்றாழை போன்ற குட்டையான பயிர்களை வளர்த்துப் பார்த்தனர். தகடுகளின்மேல் விழும் மழைநீரைத் தகரக் கால்வாயால் ஏந்தித் தொட்டியிற் சேர்த்து, தகடுகளைக் கழுவவும் பயிருக்கு உயிர்த்தண்ணீர் விடவும் பயன்படுத்தியமை அவர்களுடைய ஏற்பாட்டின் சிறப்பு. மணல் காற்று வீசும் ஊரில் தகடு கழுவ நீர் வேண்டும். அந்நீரைத் தகடே சேர்த்துக் கொடுக்கின்றது.

2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் முதற்பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு மின்நிலையங்களைக் கிராமங்களில் அமைக்க வழி செய்தது. தனி உழவரும், உழவர் குழுக்களும், கூட்டுறவுச் சங்கங்களும், ஊராட்சிகளும் இவற்றை அமைக்கத் தகுதியுடையோராக அதில் வைக்கப்பட்டனர். தரிசு நிலத்திற்கு முதலிடம் தரப்பட்டது. சாகுபடி நிலமாயின் தகடுகளைத் தூண்களின்மேல் உயர்த்தி அமைத்து, அடியில் விவசாயத்தைத் தொடர வேண்டும் என்று கூறப்பட்டது. ஊராட்சியைத் தகுதியுடையோருள் ஒன்றாக வைத்தமையால், இவ்விஷயம் தனியார் வியாபாரமாக மட்டும் இராமல் ஊர்ப் பொதுக் காரியமாகவும் ஆகின்றது.

எந்தப் பயிருக்கு ஏற்றது?

நிழலில் பயிர் செய்வது தமிழ்நாட்டு உழவனுக்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலில்தானே கொடியை ஏற்றுகின்றோம்? சேர்வராயன் மலையில் காப்பிச் செடி மர நிழலில் வளர்கின்றது. தென்னந்தோப்பில் வாழையும் சேனையும் கோகோவும் ஊடுபயிராகின்றன. காய்கறி நாற்றுக்கு நிழல்வலைக் குடில் போடாத நாற்றங்கால்காரர் இன்று அரிது. நிழல்வலைக்குச் செலவு செய்யும் இடத்தில், வலைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தகட்டை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. பாபெரிக் தோட்டம் காட்டும் வழி இதுவே.

ஆகவே கீரை வகைகள், கொத்தமல்லி, இஞ்சி, மஞ்சள், வெற்றிலை, கிழங்கு வகைகள், காய்கறி நாற்று ஆகியவற்றை முதற்கண் ஆராயலாம். மிளகாய், தக்காளி, பயறு வகைகளைக் கோடைப் பருவத்தில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். கரும்பு, மக்காச்சோளம், சோளம், பருத்தி, எள் ஆகியவை முழு வெயிலை விரும்புபவை; அவற்றுக்கு மறைப்பு வேண்டா. நெல்லைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை தேவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கதிர் வெளிவரும் சமயம் மேகமூட்டம் தொடர்ந்தால் மணி பிடிக்காமல் பதர் மிகுவதைக் காவிரிப் பாசன உழவர்கள் அறிவார்கள். இயற்கையே ஒளியைக் குறைக்கும் பருவத்தில், தகடும் குறைப்பதை நெற்பயிர் தாங்காது.

எதிர்பார்க்க வேண்டிய இடர்கள்

நன்மைகளைச் சொன்ன நாம் இடர்களையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தகட்டின் கீழ் காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கினால் பூஞ்சண நோய்கள் பரவும். மழைநீர் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஒரே கோடாக வடிந்தால், அக்கோட்டில் மண் அரித்துப் பள்ளம் விழும். அங்குள்ள செடி அழுகும், நடுவிலுள்ள செடி வாடும். கால்வாய் அமைத்து நீரை ஏந்தினாலன்றி இது தீராது. உயரம் போதாவிட்டால் டிராக்டர் உள்ளே நுழையாது. நுழையாத வயல் நாளடைவில் தரிசாகும். உயரம் கூடினால் காற்றின் வேகமும் கூடுதலாகத் தாக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் தென்னைகள் சாய்ந்து கிடந்த காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. கடலோர மாவட்டங்களில் நிறுத்தும் தூண்களும் அடித்தளமும் அத்தகைய காற்றைத் தாங்கும்படி கணக்கிடப்பட்டிருத்தல் அவசியம். ஈர நிலத்தில் மின்கம்பி செல்வதால், மண்வெட்டி படாத ஆழத்தில் குழாய்க்குள் அதனைப் புதைத்து, நில இணைப்பை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். களை எடுக்க இறங்கும் பெண்களின் உயிர் அதில் அடங்கியிருக்கின்றது.

இவையாவும் பொறியியல் தீர்க்கக்கூடிய இடர்கள். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பயிர் செய்வோம் என்று சொல்லித் தகடு நிறுத்தியபின், பயிர் மெல்ல மெல்லக் கைவிடப்படுவதே அது. மின்சார வருமானம் மாதந்தோறும் வரும்; பயிர் வருமானமோ மழையையும் சந்தையையும் நம்பியிருக்கும். நாளடைவில் பயிரைக் கவனிப்பார் இலர். நிலத்தின் உடைமையாளருக்கு இதனால் நஷ்டம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர், அதில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் சென்ற கூலி மக்கள், வைக்கோலை நம்பியிருந்த மாட்டுக்காரர் ஆகியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர்; அவர்களுக்கு மின்சார வருமானத்தில் பங்கும் இல்லை. இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக் காலத்திற்கு ஏற்படுகின்றன. 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அதற்குள் அந்நிலத்து வேலை தெரிந்த கைகள் வேறு வேலைக்குச் சென்றுவிடும்.

பயிருக்கு ஓர் எல்லைக் கோடு

இந்த அபாயத்தை முன்னறிந்த நாடுகள் அதற்குச் சட்டத்திலேயே வேலி போட்டுள்ளன.

ஜப்பான் அரசின் விவசாய அமைச்சு 2013-ஆம் ஆண்டில் விவசாய நிலத்தின்மேல் தகடுகள் நிறுத்த அனுமதி அளித்தபோது விதித்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. தூண்கள் எளிதில் அகற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் விளைச்சலைத் தெரிவித்தல் வேண்டும். அவ்விளைச்சல் அவ்வட்டாரத்தின் சராசரியில் 80 சதவீதத்திற்குக் குறையலாகாது. அனுமதி 3 ஆண்டுகளுக்கே தரப்பட்டது. ஒழுங்காகப் பயிர் செய்பவர் புதுப்பித்துக்கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டில், தகுதியுள்ள உழவர் தாமே பயிர் செய்தல் முதலிய சில இனங்களில் இக்காலம் 10 ஆண்டுகளாக நீட்டப்பட்டது.

ஜெர்மனி 2021-ஆம் ஆண்டில் வகுத்த தர நிர்ணயத்தில், தகடு இல்லாத நிலத்தின் விளைச்சலில் குறைந்தது 66 சதவீதமாவது வர வேண்டும் என்று வைத்தது. பிரான்சு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணை அவ்வளவை 90 சதவீதமாக உயர்த்திக் கேட்டது. எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆனால் கொள்கை ஒன்றே. பயிர் ஓர் அளவுக்குக் கீழே சென்றால், அது விவசாய நிலமாகக் கருதப்படாது என்பதே அக்கொள்கை.

நாம் இன்று வற்புறுத்த விரும்புவதும் இதனையே. நமது ஊர்களில் தகட்டின் கீழ் பயிர் செய்யும் திட்டம் எதுவாயினும், தகட்டின் திறன் எவ்வளவு, குத்தகைப் பணம் எவ்வளவு என்று கேட்குமுன், பயிர் எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். 'அடியில் விவசாயம் செய்யலாம்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருப்பது போதாது. 'இன்ன பயிர், இன்ன அளவுக்குக் குறையாமல் விளையும். குறைந்தால் இன்னது செய்யப்படும்' என்று இருத்தல் வேண்டும். உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி நம்மிடையே உண்டு. இவ்விஷயத்தில் கணக்குப் பாராவிட்டால் நிலமே மிஞ்சாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இவ்வகையில் ஊராட்சிகள் மேற்கொள்ளத்தக்க சிலவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

1. முதலில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தல். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், சமுதாயக் கூடம், நெல் உலர்த்தும் களத்துக் கொட்டகை ஆகியவற்றின் கூரைகளும், விவசாயத்திற்கு ஆகாத தரிசும் இருக்கும்போது, நன்செய் நிலத்தைத் தொட வேண்டா. மேய்ச்சல் நிலம் ஊர் மாடுகளுக்கு உரியது. அதனை எளிதில் விட்டுவிடலாகாது.

2. சிறிதாகத் தொடங்குதல். 10 அல்லது 20 சென்ட் நிலத்தில், நிழல்வலை இட வேண்டியிருக்கும் பயிருக்கு முதலில் அமைத்துப் பார்க்கலாம். வேளாண்மை விரிவாக்க அலுவலரையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரையும் தொடக்கத்திலேயே கலந்துகொள்ள வேண்டும்.

3. ஒப்பிட நிலம் விடுதல். அதே வயலில் தகடு இல்லாத ஒரு பாத்தியை விட்டு, அதே விதை, அதே எரு, அதே தண்ணீர் தந்து, இரண்டின் விளைச்சலையும் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். ஒரு பருவம் போதாது. மழை மிகுந்த பருவம் ஒன்றும் வறண்ட பருவம் ஒன்றும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். ஹெகல்பாக் பண்ணையில் 2017-ஐ மட்டும் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கும், 2018-ஐ மட்டும் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கும் வந்திருப்பார்கள்.

4. ஒப்பந்தத்தைக் கிராம சபையில் படித்தல். விளைச்சலின் எல்லைக் கோடு, தூணின் உயரம், மழைநீர்க் கால்வாய், தகடு கழுவும் நீர் எங்கிருந்து வரும், புயலில் சேதமானால் பொறுப்பு யாருடையது, காலம் முடிந்தபின் தூண்களையும் அடித்தளத்தையும் உடைந்த தகடுகளையும் அகற்றுவது யார் ஆகியவை தமிழில் எழுதப்பட்டு எல்லோரும் அறியப் படிக்கப்பட வேண்டும்.

5. உழுபவரின் பங்கு. நில உடைமையாளரும் சாகுபடி செய்பவரும் வேறு வேறாக இருக்கும் இடங்களில், சாகுபடி செய்பவருக்கு மின்சார வருமானத்தில் ஒரு பகுதியேனும் சேரும்படி செய்தல் வேண்டும். விளைச்சல் குறைவின் சுமை முதலில் விழுவது அவர்மேல்தான்.

முடிவுரை

நண்பர்களே! ஆண்டில் பெரும்பகுதி தெளிந்த வெயில் கிடைக்கும் நாடு நம்முடையது. ஜெர்மனியில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டு முழுவதும் விழும் வெயிலைக் காட்டிலும் இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் விழுகின்றது. அவ்வளவு வெயிலில் ஒரு பங்கைப் பிரித்து மின்சாரமாக்கினாலும், தகுந்த பயிர்களுக்குப் போதிய ஒளி மிஞ்சும் என்று நம்ப இடமுண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கருகும் கீரைப் பாத்திக்கும் மிளகாய்க்கும் அது நிழலாகவும் அமையலாம். கிணற்று மோட்டாருக்கும், விளைபொருளைக் காக்கும் சிறு குளிர்பதன அறைக்கும், வீட்டு விளக்குக்கும் அம்மின்சாரம் ஊரிலேயே பயன்படலாம். ஆகவே இம்முறையை நாம் வரவேற்கின்றோம்.

வரவேற்கும்போதே, நிலத்தின் முதற்பயன் உணவு என்ற நிலை மாறாதிருக்கக் காவல் செய்ய வேண்டியவர்கள் நீங்களே. வயலில் விளைந்ததை நிறுத்துப் பார்க்கும் தராசும், கிராம சபையில் ஒப்பந்தத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமையும் உங்கள் கையில் உள்ளன. தகடு நிறுத்த வருபவரிடம் அடுத்த கிராம சபையில் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இதன் கீழ் எங்கள் பயிர் நூற்றுக்கு எத்தனை பங்கு விளையும்? அதனை எழுதித் தருவீர்களா?' என்பதாக இருக்கட்டும்.